மூன்றாம் மாதத்துத் துணை



மார்ச் 24 உலகக் காசநோய் நாள். 1882இல் அந்தத் தேதியில்தான் ராபர்ட் காக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். காக்கின் பெயரைக் கேள்விப்பட்டேயிராத என் கீழ்வேளூர் நண்பர் ஒருவருக்கு இந்த மாதம் இந்தப் பக்கத்தைத் தருகிறேன். கடந்த ஐப்பசியில் அவர் காலமானார். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு. அவர் எதை எதிர்த்துக் கடைசிவரை அலைந்தாரோ, அது இன்னும் ஓயவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். அறுவடை நேரத்து இருமலை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெல் சுணை என்று விட்டுவிடுவார்கள். அவரும் விட்டார். உடம்பு இளைத்து, சாயங்காலக் காய்ச்சல் நிற்காமல் போன பிறகுதான் சளிப் பரிசோதனைக்குப் போனார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். கிருமி போனது, நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது. கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில் அல்லவா, அந்தப் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவார். மூட்டை தூக்க முடியாமல் போனவர், நோயிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து நடத்திய குழுவில் தொண்டராகச் சேர்ந்தார்.

சைக்கிளில் வீடு வீடாகப் போவதுதான் வேலை. புதிதாக மாத்திரை தொடங்கியவரிடம் முதலில் சொல்வது, "சிறுநீர் செவப்பாப் போகும், பயந்துடாதீங்க, மாத்திரையோட நெறம் அது." டம்ளரும் தட்டும் தனியே வைத்திருக்கும் வீடு என்றால் அங்கே டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். இந்த நோய் காற்றில் பரவுமே தவிர டம்ளரில் பரவாது என்று பேசிப் புரியவைப்பதைவிட அது சுலபம் என்பார். அரசு மாதந்தோறும் தரும் சத்துணவுப் பணம் 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனபோது, வங்கிக் கணக்கு இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார்.

அவர் அதிகம் பயந்தது மூன்றாம் மாதத்துக்குத்தான். அதற்குள் இருமல் நின்றிருக்கும், பசி எடுத்திருக்கும். நடவோ அறுப்போ கூப்பிடும். திருப்பூருக்கு ஆள் கிளம்பும். மாத்திரை நிற்பதும் அப்போதுதான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். "அண்ணே, எனக்கும் இப்படித்தான் நல்லாயிட்ட மாதிரி இருந்துச்சு" என்று அவர் தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார். மருத்துவரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால், "எனக்கும்" என்று அவரால் சொல்ல முடியாதே.

ஒரு காலத்தில் இந்த நோய் என்றால் செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனைக்கோ தாம்பரத்துக்கோ போய்ப் படுக்க வேண்டும். அதை மாற்றியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மருத்துவமனைப் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றதற்கு நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. 1959இல் முடிவு வெளியானது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. உலகமே பின்பற்றிய முடிவு அது.

நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவமனையில் வேளாவேளைக்கு வந்து விசாரித்த நர்ஸ் அவர்கூட வரவில்லை. அந்த இடத்தில்தான் என் நண்பர் போய் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2022 முதல், நோய் தெரிந்தவுடனே உடம்பு மிகவும் மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாதவர் யார் யார் என்று பிரித்துப் பார்த்து அவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தொடக்கத்திலேயே நேரும் சாவுகளைக் குறைக்க வந்த ஏற்பாடு. இந்த மூன்றையும் நண்பர் மனதில் வைத்திருந்தார். திண்ணையில் பேசிக்கொண்டே, "கொஞ்சம் எழுந்து நில்லுங்கண்ணே, பாப்போம்" என்பார்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சுணையோ பனியோ என்று தள்ளிப்போடாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் தெருவில் யாராவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உடம்பு தேறிய பிறகும் போய்ப் பாருங்கள். அவர் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்