தடுத்தது எது?



சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் அழைத்துப் போனார். அழுது கண்கள் சிவந்திருந்தன. உயர்தரம் படிக்கும் மூத்த மகன் தொழுகையை விட்டு மூன்று மாதமாம். ஏனென்று கேட்டதற்கு, "அல்லாஹ் இருக்கிறான் என்று எனக்கு இப்ப நிச்சயமில்ல உம்மா" என்று சொல்லிவிட்டானாம். இவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். வாப்பா கைச்செலவுக் காசை நிறுத்தியிருக்கிறார். ஓதிய தண்ணீரும் கொடுத்தாயிற்று. "உயிரியல் படிக்கப் போய்த்தான் புள்ள கெட்டுட்டான். நான் என்ன செய்ற ராத்தா?" என்றார்.

"இவ்வளவும் செய்தீர்களே, அவனைத் தடுத்தது எது என்று கேட்டீர்களா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

நம்பாதவனுக்கு அறிவு போதாது, ஒரு நல்ல பயான் கேட்டால் சரியாகிவிடுவான் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். குர்ஆன் காட்டும் மனிதர்கள் அப்படியில்லை. ஸூரத்துந் நம்லை எடுத்துப் பாருங்கள். பிர்அவ்னின் கூட்டத்தார் அத்தாட்சிகளை உள்ளத்தில் உறுதியாக அறிந்துகொண்டே, அநியாயத்தினாலும் பெருமையினாலும் அவற்றை மறுத்தார்கள் என்று 14ஆவது வசனம் கூறுகிறது. அவர்களுக்கு ஆதாரம் குறைவாக இருக்கவில்லை.

அதே ஸூராவில் ஒரு பெண்ணும் வருகிறார். ஸபா நாட்டு அரசி. குர்ஆன் அவருடைய பெயரைக் கூறவில்லை. விரிவுரையாளர்கள் பில்கீஸ் என்பார்கள். எவ்வளவு நிதானமான பெண் பாருங்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் கடிதம் வந்ததும் பிரதானிகளைக் கூட்டி ஆலோசனை கேட்கிறார். அவர்கள் தங்கள் படைபலத்தைப் பேசுகிறார்கள். அரசர்கள் ஓர் ஊருக்குள் புகுந்தால் அந்த ஊர் என்ன கதியாகும் என்பதை இவர் நினைத்துப் பார்க்கிறார். யுத்தம் வேண்டாம், முதலில் அன்பளிப்பு அனுப்பிப் பார்ப்போம் என்கிறார். இத்தனை புத்தியுள்ளவர் சூரியனை வணங்கிக்கொண்டிருந்தார்! ஏன்? அவர் வணங்கி வந்ததே அவரைத் தடுத்திருந்தது, அவர் மறுப்போரின் சமூகத்தில் உள்ளவராக இருந்தார் என்பது 43ஆவது வசனத்தின் கருத்து. பிறந்து வளர்ந்த இடமே தடை.

இந்தத் தடையை ஸுலைமான் (அலை) நீக்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய சிம்மாசனத்தையே சற்று மாற்றி வைத்து, உன்னுடையது இப்படித்தானா என்று கேட்கப்படுகிறது. பிறகு மாளிகைக்குள் நுழையும்போது கண்ணாடித் தளத்தைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையை உயர்த்துகிறார். அது பளிங்கு என்று ஸுலைமான் (அலை) சொல்கிறார்கள், அவ்வளவுதான். தன் கண்ணும் பிழைவிடும் என்பதை அந்த அம்மையார் தானே கண்டுகொண்டார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அதே இடத்தில், ஸுலைமானுடன் சேர்ந்து அகிலங்களின் இரட்சகனுக்கு வழிப்பட்டதாக அறிவித்துவிடுகிறார்.

எல்லாத் தடையும் இப்படி நீங்குவதில்லை. அபூதாலிபை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அநாதையான தம்பி மகனை வளர்த்தார். குறைஷிகள் ஒதுக்கிவைத்தபோது கணவாயில் ஏறத்தாழ மூன்று வருடம் பசியோடு கூடவே இருந்தார். கி.பி. 619 அளவில் அவர் மரணப் படுக்கையில் கிடக்கையில், கலிமாவைச் சொல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த அபூஜஹ்ல், அப்துல் முத்தலிபின் மார்க்கத்தையா விடப்போகிறீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மரணத்துக்குப் பயந்து சொல்லிவிட்டார் என்று குறைஷிகள் பழிப்பார்களே என்பதுதான் அவரைத் தடுத்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள்! கல்யாணச் சாப்பாட்டிலிருந்து சீதனம் வரைக்கும் நமது வீடுகளை ஆட்டிவைக்கும் அதே சொல்தான்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனதில் ஒரு கேள்வி எழுவதெல்லாம் மறுப்பு ஆகிவிடாது. வாயால் சொல்லவும் அஞ்சுகிற எண்ணங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அவ்வாறு அஞ்சுவதே தெளிவான ஈமான் என்றார்கள் நபியவர்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இப்ராஹீம் (அலை) கேட்டார்கள், உள்ளம் அமைதி பெறுவதற்காக. அவர்களை அல்லாஹ் விரட்டவில்லை. பறவைகளைக் கொண்டு காட்டிக் கொடுத்தான். நாமோ, கேட்ட வாயில் அறைகிறோம்.

அந்தத் தாயிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் ஏது நேரம்? ஆனால் சற்று நேரம் போனபின் அவராகவே சொன்னார். உயிரியல் புத்தகத்தில் தொடங்கிய காரியமல்ல அது. விதவையான மாமிக்குச் சேரவேண்டிய காணித்துண்டை வாப்பா தன் பெயருக்கு எழுதிக்கொண்ட நாளில் தொடங்கியது. நொத்தாரிசுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் இந்த மகன்தான். மாமியின் மடியில் வளர்ந்த பிள்ளை. அன்றிரவு வாப்பா வீட்டில் இஷாவுக்கு இமாமாக நின்றார். ஸலாம் கொடுத்ததும் மகன் உம்மாவிடம் வந்து, "அல்லாஹ் பார்க்கிறான் என்று வாப்பா உண்மையாவே நம்புறாரா?" என்று கேட்டானாம். "வாயை மூடு" என்று இவர் சொன்னாராம்.

வாப்பா பிழை செய்ததால் அல்லாஹ் இல்லை என்றாகிவிடுமா என்று அவனோடு வாதாடலாம். வாதம் சரியானதுதான். ஆனால் அல்லாஹ்வை முதன்முதலில் அவன் அறிந்தது அந்த வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றல்லவா?

"மாமி விஷயத்தில் நீ சொல்வது சரி மகன் என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள். பிறகு கணவரோடு பேசுங்கள்" என்றேன். "அவரோட நான் எப்படிக் கதைக்கிற?" என்று நடுங்கினார். அவருக்கும் ஒரு தடை இருந்தது.

போன வாரம் தொலைபேசியில் பேசினார். கதைத்துவிட்டாராம். கணவர் முதலில் கத்தினாராம். பிறகு காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாளாக ஒன்றும் பேசவில்லையாம். மகன் இன்னும் தொழவில்லை. சனிக்கிழமை வட்டிலப்பம் செய்து, உம்மாவும் மகனுமாக மாமி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். வரும் வழியில் பஸ்ஸில் அவன் நிறையக் கேள்விகள் கேட்டானாம். பாதிக்குத் தனக்குப் பதில் தெரியவில்லை என்றார். ஆனால் இம்முறை வாயை மூடு என்று சொல்லவில்லையாம்.