ஒரு சினைப்பை மட்டும் இருந்தால் கர்ப்பம் தரிக்க முடியுமா? 'பாதி வாய்ப்பு போச்சு' என்ற கணக்கு ஏன் தப்பு?

வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போன பெண்ணுக்கு ஸ்கேனில் கட்டி தெரிகிறது. ஆபரேஷனில் கட்டியோடு சேர்த்து ஒரு சினைப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை ஆரம்பிக்கிறது. 'இனிமே குழந்தை பிறக்குமா?' கல்யாணம் ஆகாத பெண் என்றால், 'மாப்பிள்ளை வீட்ல இதைச் சொல்றதா, வேண்டாமா?' என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

நேரடியான பதில்: முடியும். இன்னொரு சினைப்பை நன்றாக வேலை செய்தால், பெரும்பாலும் இயற்கையாகவே கர்ப்பம் தரிக்கலாம்.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு

பல குடும்பங்களில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'ஆபரேஷன்ல எடுத்துட்டாங்களாம்' என்ற பேச்சு, நாலு வீடு தாண்டும்போது 'கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க' என்று மாறிவிடுகிறது. குழந்தை வளரும் இடம் கர்ப்பப்பை, அது ஒன்றுதான். ஓவரி எனப்படும் சினைப்பை, கருமுட்டையும் ஹார்மோனும் உருவாகும் இடம். அது இரண்டு பக்கமும் உண்டு. ஒரு சினைப்பையை எடுத்த பிறகும் மாதவிடாய் வழக்கம்போல வரும்.

'நீர்க்கட்டி' என்ற சொல்லும் இதேபோலக் குழப்புகிறது. பிசிஓஎஸ் பிரச்னையையும் நீர்க்கட்டி என்கிறோம்; சினைப்பையில் தனியாக வளரும் கட்டியையும் அப்படியே சொல்கிறோம். பிசிஓஎஸ்ஸுக்காகச் சினைப்பையை எடுப்பதில்லை. பெரிய கட்டி, சினைப்பை முறுக்கிக்கொள்வது, புற்றுநோய் சந்தேகம் போன்ற காரணங்களுக்காகவே எடுக்கிறார்கள்.

வாய்ப்பு பாதியாகக் குறையுமா?

இரண்டில் ஒன்று போனால் மிச்சம் பாதி என்று மனசு கணக்குப் போடும். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

ஒரு பெண் பிறக்கும்போதே சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது 3 முதல் 4 லட்சமாகக் குறைந்துவிடும். ஆனால் வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியேறுபவை 400 முதல் 500 வரைதான். மற்றவை தானாகவே அழிந்துபோகும். ஒவ்வொரு மாதமும் கர்ப்பத்துக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு முட்டை. 'முட்டையை வளர்த்துவிடு' என்று மூளையிலிருந்து வரும் ஹார்மோன் உத்தரவு, ஒரு சினைப்பை இல்லாதபோது இருக்கிற ஒன்றுக்கே போகிறது. அதனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் என்றில்லாமல், மாதாமாதம் அதிலிருந்தே முட்டை வெளிவரலாம்.

இருப்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும். நார்வேயில் 23,000-க்கும் அதிகமான பெண்களின் தகவல்களை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரு சினைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக ஒரு வருடம் முன்னதாக நடப்பது தெரியவந்தது.

எடுத்த பக்கக் குழாய்க்கு வேலை உண்டா?

இடது சினைப்பை மட்டும் இருக்கிறது, வலது பக்கக் கருக்குழாய் மட்டும் இருக்கிறது. அப்போதும் இயற்கையாகக் கர்ப்பம் தரிக்க முடியும். கருக்குழாயின் நுனி அசையக்கூடியது. எதிர்ப்பக்கத்தில் வெளிவந்த முட்டையையும் அது எடுத்துக்கொள்ளும். இப்படிக் குழந்தை பெற்றவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் கரு குழாயிலேயே தங்கி, அதனால் ஆபரேஷன் ஆனவர்கள் அடுத்த முறை கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது மறுபடி நடக்க வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரிடம் சொல்லி ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுப்பது அவசியம்.

அப்போ எதைத்தான் பார்க்கணும்?

முதலில் வயது. 35-க்கு மேல் முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும்; இரண்டு சினைப்பை இருப்பவர்களுக்கும் இதுதான் நிலைமை.

இரண்டாவது, எதற்காக எடுத்தார்கள் என்ற காரணம். சாக்லேட் கட்டி எனப்படும் எண்டோமெட்ரியோசிஸ் என்றால், மிச்சமிருக்கும் சினைப்பையும் குழாயும்கூடப் பாதிக்கப்பட்டிருக்கலாம். சினைப்பை முறுக்கிக்கொண்டதால் எடுத்திருந்தால், அடுத்த பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, கணவரின் விந்தணுப் பரிசோதனை. ஆபரேஷன் தழும்பு மனைவியின் வயிற்றில் இருப்பதால், குழந்தை தள்ளிப்போனால் மொத்தப் பழியும் அவர் தலையில் விழுகிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஆண்களுக்கான இந்தச் சோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் வருடக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் போடுவது காலத்தை வீணாக்கும்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் இயற்கையாக முயற்சி செய்யலாம். 35 தாண்டியவர்கள் 6 மாதம். 40-ஐத் தாண்டியவர்களும், எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களும், மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களும் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக வந்தால் பயந்துவிட வேண்டாம். அது முட்டை இருப்பைத்தான் காட்டும். இயற்கையாகக் கர்ப்பம் தரிக்குமா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஐவிஎஃப் தேவைப்பட்டால், ஒரு சினைப்பையிலிருந்து கிடைக்கும் முட்டைகள் குறைவாக இருக்கலாம். 'ஒன்னுதான் இருக்கு, நேரா ஐவிஎஃப்தான்' என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது மருத்துவரிடமும் கருத்து கேளுங்கள். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, இந்தச் சிகிச்சை தரும் மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் அதைச் சரிபாருங்கள்.

இருக்கிற ஒன்றைக் காப்பாற்றுவது எப்படி?

அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி வந்தால், சூட்டுவலி என்று வெந்தயம் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முறுக்கிய சினைப்பை கறுத்துப்போயிருந்தாலும், முறுக்கை அவிழ்த்துவிட்டுக் காப்பாற்றவே இப்போது மருத்துவர்கள் முதலில் முயற்சி செய்கிறார்கள். சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் இதையே செய்யச் சொல்லி 2019-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி வழிகாட்டியது.

கட்டி ஆபரேஷன் என்றால், 'கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? பின்னாடி குழந்தை வேணும்' என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். எந்தப் பக்கம், எதை எடுத்தார்கள், குழாய் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.