ஒரே டிக்கெட்டில் அக்கரை

கொல்கத்தா வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ விட்டபோது ஆபீஸில் ஒரே கொண்டாட்டம். "இப்பத்தான் ஹவுராவும் கொல்கத்தாவும் நிஜமா சேர்ந்துச்சு" என்றார் பக்கத்து சீட்டு தாதா. (இங்கே தாதா என்றால் அண்ணன். பயப்படாதீர்கள் :-))

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதெல்லாம் 170 வருஷம் முன்னாடியே சேர்த்தாச்சு சாமி!

1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு முதல் ரயில் போனது. ஆனால் ஹவுரா அக்கரையில், ஊர் இக்கரையில், நடுவில் பாலம் கிடையாது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே என்ன செய்தது? 1734-ல் ஆர்மேனிய வணிகர் ஒருவர் கட்டிய 'ஆர்மேனியன் காட்' படித்துறையில் டிக்கெட் ஆபீஸைப் போட்டது. அங்கேயே ரயில் டிக்கெட் வாங்கி, கம்பெனிப் படகில் ஏறி, ஹவுராவில் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். படகுக்கூலியும் டிக்கெட்டிலேயே அடக்கம். 1873 பிப்ரவரியில் நாட்டின் முதல் குதிரை டிராம் சியால்தாவிலிருந்து எங்கே வந்தது? இதே துறைக்குத்தான்!

1874-ல் மிதவைப் பாலம் வந்தது, ரயில்வே கடையைக் கட்டியது. காட் இருக்கிறது, ரயில் படகுத்துறை போயே போச்சு. நம்ம ராயபுரத்தில் 1856 ஸ்டேஷன் கட்டடமாவது நிற்கிறது.

பாலம் வந்த பிறகு படகுத்துறை எதற்கு என்பீர்கள். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ஒற்றை டிக்கெட் போனதுதான் எரிச்சல். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. ஆற்றைத் தாண்ட வைக்காவிட்டால் ரயிலில் கூட்டம் ஏறாது என்ற கணக்குதான். அந்தக் கணக்குகூட இன்றைக்கு யாருக்கும் வரவில்லையே!

நான் தினமும் லோக்கலுக்கு சீசன், படகுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கு இன்னொன்று என்று மூன்று வாங்குகிறேன். மெட்ரோவில் போனால் அதற்கும் தனி. ஒருநாள் நல்ல மழை, படகு நின்றுவிட்டது. ஒரு கவுன்டரில் போய்க் கேட்டால், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல, அங்க போய்க் கேளுங்க". அங்கே போனால் ஆளே இல்லை. ஆபீஸில் அரை நாள் லீவு போனது என் கணக்கில்.

தாதாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்தக் காலத்துல மட்டும் படகு நின்னா யாரைக் கேட்பாங்களாம்?" என்று மடக்கினார்.

"டிக்கெட் கொடுத்தது ஒருத்தன்தானே தாதா, அவனைத்தான்" என்றேன்.

டீ குடிக்கப் போய்விட்டார்.