வால்வுக்கு ஒரு வைவா!

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போனா இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவை இறக்கின இடம். இன்னும் கொஞ்சம் போய் ஸ்ரீபெரும்புதூரில் திரும்பினா ஓரகடம். 2010-ல் ரெனோ-நிஸான் கேட் திறந்த ஊர். மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்த ரூட்டுதான் கனவு ரூட். ஆனா இங்கே செய்யுற காருக்குள்ளே ஒரு குட்டி சமாச்சாரம் இருக்கு பாஸ். அதை டெஸ்ட் பண்ண மெக்கானிக்கல் மட்டும் தெரிஞ்சா போதாது, ட்ரிபிள்-ஈ நண்பனையும் கூட்டிக்கணும்!

2006-ல் வந்த வெர்னாவிலிருந்து ஹூண்டாய் பெட்ரோல் கார்களில் 'வி.டி.வி.டி.'னு ஒரு பேரு அடிபடுமே, ஞாபகம் இருக்கா? வேரியபிள் டைமிங் வால்வ் டிரெயின். மேட்டர் சிம்பிள். எஞ்சின் மெதுவா சுத்தும்போது வால்வு திறக்க வேண்டிய நேரம் வேற, வேகமா சுத்தும்போது வேற. அதனால கேம்ஷாஃப்ட்டையே சில டிகிரி முன்னே பின்னே திருப்பிடறாங்க. 1980-லேயே ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் வந்த ஐடியா இது.

திருப்புறது யார்? எஞ்சின் ஆயில் பிரஷர். ஆயில் எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றது? விரல் நீளத்துக்கு இருக்கிற ஆயில் கன்ட்ரோல் வால்வு. ஷெட்டில் 'வி.வி.டி. சோலனாய்டு'ம்பாங்க. ஒரு முனையில் செம்புக் கம்பி காயில், மறுமுனையில் முன்னும் பின்னும் நகர்ற ஸ்பூல். இ.சி.யு. கரென்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து ஸ்பூலை வேண்டிய இடத்தில் நிறுத்தும்.

இது மக்கர் பண்ணா ஐட்லிங்கில் உதறல், பிக்-அப் காலி, மைலேஜ் சரிவு, டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட். 'வால்வைத் தூக்கிப் போட்டு புதுசு மாட்டு'னு சொல்றது ஈஸி. ஒரு கால் டாக்ஸி அண்ணன் இடத்தில் இருந்து யோசிங்க. வண்டி ஷெட்டில் நின்னா அன்னிக்கு வருமானம் ஜீரோ, ஆனா ட்யூ நிக்காது. புது வால்வு மாட்டின பிறகும் லைட் எரிஞ்சா? வால்வுக்கும் காசு, வேலைக்கும் காசு... வியாதி மட்டும் அப்படியே! அதனால மாத்துறதுக்கு முன்னாடி வால்வுக்கு ஒரு வைவா வெச்சிடுவோம். கையில் மல்டிமீட்டர் இருந்தா போதும்.

முதல்ல ஸ்கேனர் என்ன கோட் காட்டுதுன்னு பாருங்க. பி-0010 வந்தா சர்க்யூட்டில் கோளாறு, அதாவது காயில், வயர், கனெக்டர் பக்கம். பி-0011 வந்தா கேம் சொன்ன இடத்துக்கு வரலைன்னு அர்த்தம். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனா விசாரணையே வேற திசை!

கேள்வி 1: உன் ரெசிஸ்டன்ஸ் என்ன? இக்னிஷனை ஆஃப் பண்ணி, கனெக்டரைக் கழட்டி, வால்வின் ரெண்டு பின்னுக்கும் நடுவில் அளங்க. பல வண்டிகளில் 20 டிகிரி சூட்டில் 7 ஓம் பக்கத்தில் இருக்கும். உங்க வண்டிக்கான கரெக்ட் நம்பர் சர்வீஸ் மேனுவலில். மீட்டரில் இடது ஓரம் வெறும் '1' நின்னா காயில் அறுந்திருக்கு. ஜீரோவை ஒட்டி வந்தா ஷார்ட்.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். செம்பு சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம். 20 டிகிரியில் 7.4 ஓம் காட்டின காயில் 100 டிகிரியில் 9.7 ஓம் காட்டும். இப்போதான் ஓடி வந்து நின்ன வண்டியில் அளந்துட்டு 'வால்வு போச்சு'னு தீர்ப்பு எழுதினா, பாவம், நிரபராதிக்குத் தூக்கு! ஆற விட்டு அளங்க. மீட்டர் வயர் ரெண்டையும் ஒட்டவெச்சு வர்ற ரீடிங்கையும் கழிச்சிக்கோங்க.

கேள்வி 2: பாடிக்கு லீக் இருக்கா? ஒரு பின்னுக்கும் வால்வின் உலோக உடம்புக்கும் நடுவில் அளந்தா தொடர்பே இருக்கக் கூடாது.

கேள்வி 3: சாப்பாடு வருதா? இப்போ வயரிங் பக்க கனெக்டரைப் பாருங்க. இக்னிஷன் ஆனில் பெரும்பாலான வண்டிகளில் ஒரு பின்னில் பேட்டரி வோல்டேஜ் வரும். இன்னொண்ணு இ.சி.யு. கிரவுண்ட் பண்ற பின். வோல்டேஜ் வரலைன்னா ஃப்யூஸ், ரிலே, வயரைத் தேடுங்க. வால்வு மேல பழி போடாதீங்க. மீட்டர் முனையை டெர்மினலுக்குள்ளே குத்தித் திணிக்காதீங்க. அது அகண்டு போச்சுன்னா நீங்களே ஒரு லூஸ் கான்டாக்ட்டை உருவாக்கிடுவீங்க.

கேள்வி 4: நகர்றியா? வால்வைக் கழட்டி, ஃப்யூஸ் வெச்ச வயரில் 12 வோல்ட் ஒரு நொடி கொடுங்க. 'டிக்'னு ஸ்பூல் நகர்ந்து, எடுத்ததும் திரும்பணும். 7.4 ஓமில் கிட்டத்தட்ட 1.6 ஆம்பியர், 19 வாட் பாயும். ரொம்ப நேரம் பிடிச்சா காயில் வறுபடும். பெட்ரோல் வாசனை வர்ற இடத்தில் இந்த வேலையே வேணாம்.

முதல் மூணு கேள்விக்கும் சென்டம் வாங்கிட்டு நாலாவதில் ஃபெயிலாகிற வால்வுகள் உண்டு. ஆயிலை மாத்தாம ஓட்டினா கசடு ஸ்பூலில் ஒட்டி இறுக்கிடும். காயில் பக்காவா இருக்கும், வால்வு நகராது. ஓம் சரின்னா கரென்ட் போற பாதை சரி, அவ்ளோதான்! நாலும் பாஸாகி, பி-0011 மட்டும் அடம் பிடிச்சா, ஆயில் லெவல், கிரேடு, வால்வு முன்னாடி இருக்கிற வலை ஃபில்டர், டைமிங் செயின்னு போங்க. சில நேரம் நல்ல ஆயிலும் புது ஃபில்டருமே அந்த டாக்ஸி அண்ணனைக் காப்பாத்திடும்.

பார்ட் மாத்த ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா போதும். எதை மாத்தக் கூடாதுன்னு சொல்லத்தான் நாலு வருஷம் படிக்கிறோம். நாளைக்கு ஓரகடம் கேட்டுக்குள்ளே போறதுக்கு முன்னாடி, உங்க காலேஜ் ஆட்டோமொபைல் லேபில் இந்த வால்வு இருக்கான்னு தேடுங்க. கூடவே ஒரு ட்ரிபிள்-ஈ நண்பனையும்!