பனியனைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஊருக்குக் காரைப் பார்க்கத் தெரியாதா?

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் பழைய கார் வாங்கவே வேண்டாம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். பையன் என்ன, அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. நாலு மெஷின் போட்டுப் பவர்டேபிள் நடத்துகிறான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்து போனை நீட்டினான்.

"ஏனுங் சார், இந்தப் பத்மினி எப்படிங்க? மூணரை லட்சம் சொல்றாங்க. சீட்டு எடுத்த காசு இருக்குது. அட்வான்ஸ் குடுத்தறலாம்னு இருக்கறனுங்க."

படத்தில் சந்தன நிறக் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

"அடியில படுத்துப் பாத்தியாப்பா?"

"இல்லீங் சார். பெயிண்ட் அருமையா இருக்குதுங்க."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஓய்வு பெற்ற காசில் 2018-இல் நானும் இதே தப்பைச் செய்தவன். வாங்கியது பளபளப்பான பத்மினி. ஐப்பசி மழையில் கால்மிதிக்குக் கீழே தண்ணீர் வந்தது. விரிப்பைத் தூக்கினால் தரையே இல்லை. துருப்பிடித்த ஓட்டையின்மேல் தகரம், தகரத்தின்மேல் தார், தாரின்மேல் விரிப்பு! கார் வாங்கியது 1,60,000 ரூபாய்க்கு. தரையும் கதவடியும் புதிதாக அடித்து வெல்டிங் வைக்க 1,10,000 ரூபாய். விற்றவரைக் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், நீங்க படிச்சவரு" என்றார். படித்தவன்தான். ஆனால் அன்று அட்டையை மட்டும் படித்தேன்.

கோபமெல்லாம் இந்த வியாபாரத்தின் மேல்தான். பத்தாயிரம் ரூபாய்க்குப் புட்டி, பெயிண்ட். அதன்மேல் 'ரெஸ்டோர்டு' என்று ஒரு சொல். விலை இரண்டு மடங்கு. ஓட்டல் வாசலில் நிறுத்தவும் கல்யாண போட்டோவுக்கும் வாங்குகிறவர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது பொம்மை, ஓடாவிட்டாலும் நட்டமில்லை. பொம்மை விலையில் உண்மையான காரைத் தேடும் சாதாரண மனிதன்தான் மாட்டுகிறான்.

பெயருக்கு இருக்கும் மவுசைப் பாருங்கள். மேற்கு வங்கம் உத்தரபாராவில் 1950-களிலிருந்து அம்பாசிடர் செய்த தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றது. 2017-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு அந்தப் பெயர் மட்டும் 80 கோடிக்கு விலை போனது. பெயருக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இருக்கிறது. நம்மிடம் இருப்பது சீட்டுக் காசு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பென்ஷன் வாத்தியாருக்கு எதுக்குங்க பழைய கார்? பேசாம ஸ்கிராப்புக்குப் போடுங்க." அவர்களுக்கும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கார் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தவன் நான். இப்போது ஓட்ட ஆசைப்படுவது குற்றமா? ஆசை பணக்காரருக்கு மட்டும் பட்டா போட்ட நிலமல்ல. ஆனால் ஆசைக்குக் கண் வேண்டும்.

நம் ஊரில் செக்கிங் பெண்கள் என்ன செய்கிறார்கள்? பனியனைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்கிறார்கள். ஓட்டை இருந்தால், சாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரிஜெக்ட். நூறு ரூபாய் பனியனுக்கு இத்தனை சோதனை. மூணரை லட்சத்துக்குப் போனில் வந்த படம் போதுமா?

பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் தனிச் சட்டம் கிடையாது. உடம்பேதான் எலும்பு. தரையும் கதவடியும் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போனது என்று பொருள். சென்னை வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு, ஆனால் அதற்குச் சாமான் தேடி அலைய வேண்டும். எஞ்சின் புகை விட்டால் பிரித்துச் செய்துவிடலாம். உடம்பு போனால் செலவுக்கு அடிமட்டம் தெரியாது. அதனால் பெயிண்ட் உரிந்த, ஆனால் தினமும் ஓடுகிற, அசிங்கமான காரை வாங்குங்கள். அசிங்கம் பொய் சொல்லாது.

அடுத்தது காகிதம். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாறிய பிறகுதான் காசு. "அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

15 வருடம் முடிந்தாலும் தகுதிச் சோதனை காட்டி ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பதிவு காலாவதியான வண்டியைச் 'சும்மா' கொடுத்தாலும் இந்தக் கணக்கைப் போடுங்கள். 'விண்டேஜ் பதிவு வாங்கிக்கலாம்' என்பார்கள். 2021 விதிப்படி அது 50 வருடம் தாண்டிய வண்டிக்கு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000. வாங்கினாலும் கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் ஓட்டலாம், மார்க்கெட்டுக்குப் போக முடியாது. கோவை அவினாசி சாலையில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போய் வாருங்கள், கண்ணுக்கு விருந்து. நம் கார் கயிற்றுக்குப் பின்னால் நிற்க அல்ல, காய்கறி வாங்கப் போக.

கை மிகவும் கடித்தால் கார்புரேட்டர் வைத்த மாருதி 800 பாருங்கள். 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது. நடுத்தரக் குடும்பத்தைக் காரில் ஏற்றிய வண்டி அது கிளாசிக் இல்லையென்றால் எதுதான் கிளாசிக்? சாமானும் எங்கேயும் கிடைக்கும்.

கடைசியாக, காருக்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டு ட்யூன் செய்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். என் மெக்கானிக்குக்கு வயது எழுபத்தொன்று. கூலி பேரம் பேசாதீர்கள். அவர் கடையை மூடினால் உங்கள் கார் பொம்மைதான்.

சரி, அந்தப் பையன் கதை. என் பழைய அறிவியல் பெட்டியிலிருந்த காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். இரும்பில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. கதவுக்குக் கீழே வைத்த இடமெல்லாம் காந்தம் நழுவிக் கீழே விழுந்ததாம். விற்கிறவர் சொன்னாராம்: "மேக்னட் வெச்சுப் பாக்கறவங்களுக்கு வண்டி இல்லீங்க."

அட்வான்ஸ் தப்பியது. காந்தம் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. வேண்டுமென்பவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.