பெட்டி தெரியவில்லை என்றால் பெட்டி போய்விட்டது என்று அர்த்தமில்லை

வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டி ஒருநாள் கம்ப்யூட்டரில் தெரியாமல் போனால், நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் பதறுவது. இரண்டாவது காரியம், கைக்குக் கிடைத்த பட்டனை அழுத்துவது. பதறுவதால் கொஞ்சம் பிரஷர் ஏறும், அவ்வளவுதான். பட்டனை அழுத்துவதால்தான் கெடுதல். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாஸ் என்பது ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்த ஒரு சின்னப் பெட்டி. ரவுட்டரோடு ஒரு ஒயரால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் போனிலிருந்தும் அதில் போட்டோ, வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் போட்டு வைக்கலாம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் 15 ஜிபி கணக்குக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நம் வயதுக்காரர்கள் சிலர் வீட்டிலும் இந்தப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. பெரும்பாலும் மகனோ மருமகனோ லீவில் வந்தபோது வைத்துக் கொடுத்ததாக இருக்கும்.

என் கருத்து இதுதான். பெட்டி தெரியவில்லை என்பது வேறு, பெட்டிக்குள் இருப்பது போய்விட்டது என்பது வேறு. ஊருக்குப் போகும் ரோடு அடைபட்டிருந்தால் ஊரே அழிந்துவிட்டது என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. ரோடு எங்கே அடைபட்டது என்று தெரியும்வரை டிஸ்க்கையும் தொடக்கூடாது, ரீசெட் பட்டனையும் தொடக்கூடாது.

தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் தினமும் வந்த புகார் 'லைன் டெட்'. உடனே யாரும் சந்தாதாரர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கருவியை மாற்றிவிட மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். சட்டத்தில் அந்த லைனைப் பிரித்து, பழுது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் பார்ப்போம். வெளிப்பக்கம் என்றால் தெருமுனைக் கம்பத்தில் உள்ள டி.பி. பெட்டி. அங்கே சரியாக இருந்தால் பிறகுதான் வீடு. ஒவ்வொரு இடமாகச் சோதித்துக்கொண்டே போனால் பழுது தானாக அகப்பட்டுவிடும். நாஸ் பெட்டிக்கும் இந்த வழிதான்.

முதல் இடம் பெட்டியின் முதுகுப்பக்கம். ஒயர் சொருகியிருக்கும் துளையில் ஒரு குட்டி விளக்கு எரிகிறதா, மின்னுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒயரை மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் வேறு துளையில் சொருகுங்கள். பிளக்கில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே இணைப்பு விட்டுப்போகும். இன்னொன்று, ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு கம்பி அறுந்தாலும் சில சமயம் பெட்டி வேலை செய்யும், ஆனால் மாட்டுவண்டி மாதிரி. 'பெட்டி பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க' என்று யாராவது சொன்னால், அதற்கு முன்னால் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டரும் பெட்டியும் ஒரே வலையில்தான் இருக்கின்றனவா என்பது. ஃபைபர்காரர் வைத்த பெட்டி ஒன்று, நாம் தனியாக வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒன்று என்று இப்போது பல வீடுகளில் இரண்டு இருக்கின்றன. நாஸ் ஒன்றில், லேப்டாப் இன்னொன்றில் என்றால் இரண்டும் வேறு வேறு தெரு ஆகிவிடலாம். விருந்தாளிகளுக்கென்று வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் லேப்டாப் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பெட்டி தெரியாது. அது தெரியக்கூடாது என்றுதான் அந்த வசதியே. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் பெட்டி தெரியும், தெரிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, விலாசம். வீட்டு வலையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். இது நிரந்தரப் பட்டா அல்ல, வாடகைச் சீட்டுதான். கரண்ட் போய் வந்தால் எண் மாறிவிடலாம். லேப்டாப் மட்டும் பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் புது எண் கிடைக்கும். எண் 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து விலாசமே கிடைக்கவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது மறுபடியும் ஒயரையும் ரவுட்டரையும் பாருங்கள்.

எண் கிடைத்ததும் 'பிங்' செய்து பார்க்கலாம். 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி புரோகிராம் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் சத்தத்தை வைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். நாம் ஒரு குரல் கொடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று அது சொல்லும். பதில் வந்தால் பாதை சரி. பெயரைப் போட்டால் திறக்காமல் எண்ணைப் போட்டால் திறக்கிறது என்றால், பெயர் கண்டுபிடிப்பதில் மட்டும்தான் கோளாறு.

பதில் வந்தும் ஃபோல்டர் திறக்கவில்லையா? அப்போது கதவில் நிற்கும் காவல்காரரைப் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அந்த முறை சேர்ந்து வருவதில்லை. 2024-ல் வந்த விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாமல் 'கெஸ்ட்' என்று நுழைவதையும் தடுக்கிறது. நேற்றுவரை திறந்த பெட்டி விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லையென்றால், முதலில் இதைச் சந்தேகிக்கலாம். பழைய ஓட்டையை மறுபடி திறந்துவிடுவது இதற்கு மருந்தாகாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்வதுதான் வழி.

இதெல்லாம் வெறும் பாடம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் காலனியில் ஒரு நண்பர் போன வருடம் காலமானார். போட்டோ, வீடியோ எல்லாம் ஒற்றை டிஸ்க் நாஸில் வைத்திருந்தார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒரு நாளுக்குப் பிறகு பெட்டி தெரியவில்லை. அவர் மனைவி ஒரு கடைக்காரப் பையனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. 'டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சும்மா, ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்' என்று அவன் சொல்ல, அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். 'அண்ணா, பேத்தி காது குத்துல அவர் பாடினது அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.'

டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் டிஸ்க்கை எழுதுகின்றன. விண்டோஸுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. தமிழ் தெரியாதவர் ஓலைச்சுவடியைப் பார்த்துவிட்டு வெறும் கிறுக்கல் என்று சொல்வது மாதிரி. 'எதையும் அமுக்காதேம்மா, தம்பியை அப்படியே நிறுத்தச் சொல்லு' என்று சொல்லிவிட்டு ஓடினேன். டிஸ்க்கைப் பழைய இடத்தில் வைத்து, பெட்டியை ஆன் செய்து, ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தேன். எண் மாறியிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அவர் பாட ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

'இதெல்லாம் நமக்கெதுக்கு சார், பசங்க வெளிநாட்டிலிருந்தே பார்த்துக்குவாங்க' என்பவர்கள் உண்டு. ஒயர் கழன்றிருந்தால் அங்கிருந்து பார்க்க முடியாது. பெட்டியின் பின்னால் விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கண் இருப்பது இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான். மகனுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளியூரிலிருந்தும் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 'போர்ட்' திறந்துவிடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று, இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த வீட்டு நாஸ்களைத் தேடிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட கும்பல்கள் உண்டு. வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு நகையைப் பற்றிக் கவலைப்படுவதில் என்ன பிரயோஜனம்?

ஆகவே இன்றைக்கே மூன்று வேலை. ரவுட்டரில் பெட்டிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும், நுழையும் பெயர், கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, பேங்க் பாஸ்புக் இருக்கும் பீரோவில் வையுங்கள். அது எங்கே இருக்கிறதென்று வீட்டம்மாவுக்கும் தெரியட்டும். மூன்றாவது, வேண்டியதை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் அது நகலாகாது. பெட்டியைத் திருடன் தூக்கிப்போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இவ்வளவையும் செய்து வைத்தால், அடுத்த முறை பெட்டி தெரியாமல் போகும்போது பதறாமல் ஒரு காபியைக் குடித்துவிட்டு ஒயரிலிருந்து ஆரம்பிக்கலாம்.