தினம் ஒரு கேள்வி: விடை மட்டும் போதுமா?



நம்ம பள்ளிக் கரும்பலகையில் தினமும் ஒரு பொது அறிவுக் கேள்வி எழுதுகிறோம். மறுநாள் விடை. அவ்வளவுதான்! "ஏன்?" என்று யாருமே கேட்பதில்லை.

"இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" என்றால் உடனே "ஹாக்கி!" என்று கத்துவோம். பல பொது அறிவுப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கு. ஆனால் எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012-ல் சொல்லிவிட்டது! தப்பான விடையைப் பலகையில் எழுதினால் எத்தனை நோட்டுக்குப் போகும்? டஸ்டர் பலகையை மட்டும்தான் துடைக்கும்.

இன்னொரு கேள்வி: 2000 லீப் வருடம், 1900 மட்டும் ஏன் இல்லை? நூற்றாண்டு வருடம் என்றால் 4-ஆல் வகுபட்டால் போதாது, 400-ஆல் வகுபடணும். காரணம் தெரிந்துவிட்டால் 2100-க்கு நாமே விடை சொல்லிடலாம்!

அதனால் என் கருத்து இதுதான். விடையோடு ஒரு வரி காரணமும், எந்தப் புத்தகத்தில் பார்த்தோம் என்பதையும் எழுதணும். தப்பு இருந்தால் ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் தைரியமாகக் கேட்கணும். கேள்வி கேட்பவருக்கும் ஒரு பரீட்சை வேண்டாமா?